மழைக்கு முன் 14 நாள் சாப்பாடு: அரிசியா, ராகியா, பாக்கெட்டா, அவலா?

வீட்டில் எப்போதும் ரெண்டு வாரத்துக்குச் சாப்பாடு இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது சுலபம். எதை வாங்கி வைப்பது என்பதில்தான் ஆளுக்கு ஒரு கட்சி. மாத மளிகையையே கொஞ்சம் கூட்டி வாங்கினால் போதும் என்பார்கள் சிலர். ராகியும் சாமையும் இருந்தால் ஊரே அடைத்தாலும் கவலையில்லை என்பார்கள் பழைய ஆட்கள். வெந்நீர் ஊற்றினால் உப்புமா ஆகிவிடும் பாக்கெட் இருக்கும்போது மூட்டை எதற்கு என்று கேட்பார்கள் பிள்ளைகள். அவலும் பொட்டுக்கடலையும் இருந்தால் அடுப்பே வேண்டாம் என்று நாலாவதாக ஒருவர் சொல்வார்.

நாலும் சரிதான். ஆனால் ஒரே பிரச்சினைக்கு நாலு பதில் அல்ல இவை. முதல் மூன்று நாள் ஒரு பிரச்சினை, மீதி பதினோரு நாள் வேறு பிரச்சினை. முதலில் கரண்ட் இருக்காது, குழாய்த் தண்ணீர் கலங்கி வரும், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் அடுப்பே மாடிக்குப் போயிருக்கும். அதன் பிறகு அடுப்பு எரியும், பாத்திரம் கழுவத் தண்ணீர் கிடைக்கும், கடையில்தான் சாமான் வந்திருக்காது. இரண்டையும் ஒரே மூட்டையை வைத்துச் சமாளிக்கப் பார்க்கிற இடத்தில்தான் காசு வீணாகிறது.

கடற்கரை ஊர் இல்லையே, நமக்கு என்ன வரப்போகிறது என்று சேலத்துக்காரர்கள் கேட்பதுண்டு. 2020-இல் சேலம் மாநகராட்சியில் ஏப்ரல் 26 முதல் 28 வரை மூன்று நாள் முழு ஊரடங்கு. அதற்கு முந்தின நாள் காய்கறிக் கடையிலும் மளிகைக் கடையிலும் நின்ற கூட்டம் எந்த நோய்க்கும் நல்லதில்லை. பிறகு 2024. நவம்பர் கடைசியில் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், டிசம்பர் தொடக்கத்தில் சேலம், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை பக்கம் கொட்டித் தீர்த்தது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். பெரிய மழை என்றால் திருமணிமுத்தாற்றை ஒட்டிய தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறுவது ஊரறிந்த விஷயம். ஆக, மலையில் பாதை அறுபடும். ஊரில் தண்ணீர் புகும், அல்லது கடை அடைக்கும்.

கணக்கு முதலில்

ஒரு பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,000 கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி 400 கிராம், பருப்பு 75 கிராம், எண்ணெய் 30 கிராம், வெல்லமோ சர்க்கரையோ 30 கிராம் இருந்தால் அந்தக் கணக்கு நிறைந்துவிடும். நாலு பேருக்கு 14 நாளைக்குப் பெருக்கினால் அரிசி 22 கிலோ சொச்சம், பருப்பு 4 கிலோ சொச்சம், எண்ணெய் 2 லிட்டர், வெல்லம் 2 கிலோவுக்குள். 26 கிலோ சிப்பம் ஒன்று வாங்கினால் அரிசி முடிந்தது. பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை என்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதோடு கல் உப்பு, புளி, மிளகாய், மஞ்சள் தூள், பெருங்காயம். இவற்றைக் கணக்குப் போட வேண்டியதில்லை. எந்த வீட்டிலும் ஒரு மாதத்துக்கு இருக்கும்.

மாத மளிகையைக் கூட்டுவது

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். தினமும் சாப்பிடுகிற சாமானையே ஒரு பங்கு கூடுதலாக வாங்கி, பழையதை முன்னால் எடுத்துப் புதியதைப் பின்னால் வைப்பது. தனியாக எதையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம், காலாவதித் தேதியைத் தேட வேண்டாம், வீட்டில் யாரும் முகம் சுளிக்கவும் மாட்டார்கள். கஷ்ட காலத்தில் பழக்கமில்லாத சாப்பாடு குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் தொண்டையில் இறங்காது. வயிறும் கெடும். அந்த நேரத்தில் அது இன்னொரு தலைவலி.

ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் வாங்கவும் வேண்டாம். குடும்ப அட்டைக்கு ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் பருப்பு நூற்றைத் தாண்டும்போது இந்த விலை பெரிய விஷயம். ரேஷன் பருப்பையும் எண்ணெயையும் எடுத்து வைத்துக்கொண்டு, வழக்கமாக வாங்குவதை வாங்கிக்கொண்டே இருந்தால் மூன்று நாலு மாதத்தில் பருப்புக் கணக்கு தானாக நிறையும். ஏற்காட்டுக் குளிரில் பாமாயில் உறைந்து வெள்ளையாக நிற்கும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்ட வேண்டாம், இளஞ்சூட்டில் இளகிவிடும்.

அரிசி வெளியில் வாங்குவதானால் செவ்வாய்ப்பேட்டை. லீபஜார் பக்கம் ஒரு மொத்தக் கடையில் புழுங்கல் கேட்டால், கடைக்காரர் சிப்பத்தில் குத்தூசியை இறக்கி ஒரு கை அரிசியை எடுத்துக் காட்டுவார். "பழசுங்க அக்கா, போன வருசத்து நெல்லு. தண்ணி கொஞ்சம் சேத்து வைங்க, சோறு உதிரியா வரும், காணவும் காணும்." அந்த அரிசியை உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். மாவு நிறைய ஒட்டினால் வண்டு வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் இருக்கிறது, வேண்டாம். சேர்த்து வைக்கப் பழைய அரிசிதான் மேல். காய்ந்திருக்கும், சோறும் கூடுதலாகக் காணும்.

வண்டு வெளியிலிருந்து வருவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் முட்டை அரிசிக்குள்ளேயே வந்திருக்கும். அதனால் மூடி இறுக்கமான டிரம் மட்டும் போதாது. வசம்புத் துண்டு, காய்ந்த வேப்பிலை, மிளகாய் வற்றல் போடுவது வண்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கும், அடியோடு ஒழிக்காது. டிரம்மைக் கழுத்து வரை நிரப்பி, உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் மூடுவது இதைவிட நன்றாக வேலை செய்யும். பருப்பை ஒரு வெயில் காட்டி, ஆறவிட்டு, டப்பாவில் அடைக்கலாம். அரிசியை வெயிலில் போடாதீர்கள், நொறுங்கும். ஸ்டீல் பிளான்ட் இருக்கிற ஊரில் எவர்சில்வர் டிரம்முக்குப் பஞ்சமில்லை. அது ஒரு வசதி.

ராகி, சாமை

தாங்குவதில் ராகியை அடிக்க ஆள் இல்லை. மணி சின்னது, வண்டு அவ்வளவாக அண்டாது. நன்றாகக் காய வைத்தால் வருடக் கணக்கில் கிடக்கும். அந்தக் காலத்தில் குதிரிலும் குழியிலும் போட்டு வைத்துப் பஞ்சத்தில் எடுத்துத் தின்றதெல்லாம் இதைத்தான். சாமையும் தினையும் உமியோடு இருந்தால் இப்படித்தான். சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் காலங்காலமாக விளைவித்தவை இவை. இப்போது நிலத்தில் காப்பியும் மிளகும் நிறைய இடம் பிடித்துவிட்டன.

நாகலூர்ப் பக்கம் இருக்கும் என் பெரியம்மா இதை இப்படிச் சொல்வார்: "மாவா வெச்சா ரெண்டு மாசம், அரிசியா வெச்சா ஆறு மாசம், தவசமா வெச்சா உம்பேரன் காலம் வரைக்கும் கெடக்குஞ்சாமி." பேரன் காலம் கொஞ்சம் மிகை. மற்றபடி வரிசை சரி. உமி நீக்கிய சாமை சில மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும். கடையில் பாக்கெட்டில் வருகிற சிறுதானிய அரிசியை வருடத்துக்கு வாங்கி அடுக்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஆனால் முழு ராகி சாப்பாடு ஆவதற்கு மில் ஓட வேண்டும். கரண்ட் இல்லாத ஊரில் அரவை மில் பூட்டிக் கிடக்கும். வீட்டில் திருகைக்கல் இருந்து, அதைச் சுற்றக் கையும் இருந்தால் முழுத் தானியம் வாங்கலாம். இல்லாவிட்டால் 5 கிலோவை முன்கூட்டியே அரைத்து வைத்து, களிக்கும் கூழுக்கும் செலவழித்துக்கொண்டே வரவேண்டும். இன்னொரு விஷயம், வாரத்தில் ஒரு நாளாவது களி கிண்டுகிற வீட்டுக்குத்தான் இது பொருந்தும். களியைக் கண்டால் எழுந்து ஓடுகிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் 20 கிலோ ராகி வாங்கி வைப்பது அலங்காரம்தான்.

சேலம் என்றதும் ஜவ்வரிசி ஞாபகம் வரும். காய்ந்த ஜவ்வரிசி நன்றாகவே தாங்கும், கலோரியும் அரிசிக்குச் சமம். ஆனால் அது முழுக்க மாவுச்சத்து, புரதம் என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை. காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைக்க ஒரு கிலோ இருக்கட்டும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

பாக்கெட்

இதைப் பற்றி நிறையச் சொல்ல எதுவுமில்லை. 70 கிராம் நூடுல்ஸ் பாக்கெட்டில் சுமார் 300 கலோரி. ஒரு ஆள் ஒரு நாள் வயிறு நிறைய ஆறேழு பாக்கெட் பிரிக்க வேண்டும். அவ்வளவும் மைதா, உப்பு, எண்ணெய். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கொடுக்கிற சாப்பாடா அது? பிரித்தால் அப்படியே சாப்பிடலாம் என்று வரும் சாம்பார் சாதம், ராஜ்மா வகைகள் பரவாயில்லை. சூடுகூட இல்லாமல் சாப்பிடலாம் என்பது பெரிய வசதி. ஆனால் நாலு பேருக்கு ரெண்டு வாரத்துக்கு இதை மட்டும் வாங்கினால் சிப்பம் அரிசி போலப் பல மடங்கு ஆகும். அடுத்த வருடம் தேதி முடிந்து மறுபடியும் வாங்க வேண்டும். படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டில், கவனிக்கிறவருக்கு அடுப்படிக்குப் போக நேரமிருக்காது என்பதால் மூன்று நாலு வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஃபிரிட்ஜில் மாவு இருக்கிறதே என்ற தைரியமும் இந்த வகைதான். கரண்ட் போன மறுநாள் மாவோடு சேர்ந்து தைரியமும் புளித்துவிடும்.

அவல், பொட்டுக்கடலை, வெல்லம்

முதல் மூன்று நாளுக்கு இதற்கு ஈடு வேறு எதுவும் இல்லை என்பேன். கெட்டி அவலைத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, வெல்லம் தட்டிப் போட்டால் முடிந்தது. தயிர் இருந்தால் தயிர், இல்லாவிட்டால் ஊறுகாய். நாலு பேருக்கு மூன்று நாளைக்கு அவல் 3 கிலோ, பொட்டுக்கடலை ஒண்ணேகால் கிலோ, வெல்லம் 1 கிலோ, வறுத்த வேர்க்கடலை 1 கிலோ. மொத்தம் 6 கிலோ சொச்சம். ஆளுக்கு நாளுக்கு 2,000 கலோரிக்குப் பக்கத்தில் வந்துவிடும், புரதமும் குறையாது. ஒரு பெரிய தூக்கில் அடங்கும். வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தால் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். 26 கிலோ சிப்பத்தை யாராலும் இடுப்பளவு தண்ணீரில் தூக்க முடியாது.

குறை இல்லாமல் இல்லை. அவல் நாளானால் ஒரு மாதிரி எண்ணெய் வாடை அடிக்கும். அதனால் ரெண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிபனுக்கு எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். வேர்க்கடலையைத் தோலோடு வாங்கி வைத்தால் நீண்ட நாள் வரும், உடைத்த பருப்பு சீக்கிரம் கசக்கும். பூஞ்சை பிடித்த கடலையைப் பொறுக்கிவிட்டுச் சாப்பிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். பொரி வேண்டாம். இடத்தை அடைக்கும், வயிற்றை நிறைக்காது, மழைக்காற்று பட்டதும் நமத்துவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கு வெல்லத்தைக் குறைத்துப் பொட்டுக்கடலையைக் கூட்டிக் கொடுக்கலாம்.

மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு

சேலத்தில் சாமானுக்கு எதிரி வெயில், ஏற்காட்டில் எதிரி ஈரம். சித்திரையில் சேலம் 40 டிகிரியை ஒட்டிக் காயும்போது, தளத்துக்கு நேர் கீழே இருக்கும் பரணில் வைத்த எண்ணெயும் கடலையும் சிக்குப் பிடிக்கும். அரிசி தாங்கும், இவை தாங்காது. கீழ்த்தட்டில், சுவரோரம் ஒட்டாமல், பலகை மேல் வையுங்கள். தண்ணீர் புகும் தெருவானால் மட்டும் இதை மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே மூன்று நாள் தூக்கு எப்போதும் பரணில்தான் இருக்க வேண்டும். வெயில் காலத்தில் ஒருமுறை கூடுதலாக மாற்றினால் போகிறது.

ஏற்காடு கடல் மட்டத்துக்குமேல் சுமார் 1,500 மீட்டர். பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வரும். கல் உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும், மிளகாய்த் தூள் கட்டி தட்டும், வற்றல் நமத்துப்போகும். அங்கே கண்ணாடிப் புட்டியும் ரப்பர் வளையம் வைத்த மூடியும் செலவு பார்க்காமல் வாங்க வேண்டிய சாமான். கொத்தவரை, கத்தரி, சுண்டைக்காய், மோர்மிளகாய் எல்லாம் சித்திரை வெயிலில் கீழே சேலத்துச் சொந்தக்காரர் மொட்டை மாடியில் காயட்டும். பதிலுக்கு மேலேயிருந்து மிளகும் காப்பிக்கொட்டையும் இறங்கட்டும்.

அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக ரொம்ப நேரம் எடுக்கும், எரிபொருளும் அதற்கேற்பப் போகும். மலை வீட்டுக்குக் குக்கர் கட்டாயம். பாசிப்பருப்பு பாதியாவது இருந்தால் இன்னும் நல்லது, சீக்கிரம் வெந்துவிடும். விறகு விஷயத்தில் மலைக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். காப்பிச் செடி கவாத்துப் பண்ணிய குச்சியும் சில்வர் ஓக் கிளையும் கூரைக்குக் கீழே காய்ந்து கிடக்கும். அஸ்தம்பட்டியிலோ ஃபேர்லேண்ட்ஸிலோ மூன்றாவது மாடியில் இருப்பவர் விறகுக்கு எங்கே போவார்? அவருக்கு ரெண்டாவது சிலிண்டர், அது இல்லையென்றால் 5 கிலோ சின்ன சிலிண்டர். இன்டக்‌ஷன் அடுப்பை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

பாதை விஷயம். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுள்ள பெரிய மலைப்பாதை ஒன்று, அயோத்தியாப்பட்டணம் குப்பனூர் வழி இன்னொன்று. ரெண்டு பாதை இருக்கிறதே என்று தெம்பாக இருக்கலாம்தான், ஆனால் ரெண்டும் மலைச்சரிவில் வெட்டியவை, ஒரே மழையில் நனைபவை. பால், காஸ், காய்கறி எல்லாம் கீழிருந்துதான் ஏற வேண்டும். ஆகவே மலை வீட்டில் 14 நாள் என்பது பேராசை அல்ல. குழந்தை இருந்தால் அரைக் கிலோ பால் பவுடர் அவசியம். ஊருக்குள் ஒரு வாரக் கையிருப்பே பெரும்பாலும் போதும் என்று எனக்குப் படுகிறது. பணம் நெருக்கடியானால் சேலத்துக் குடும்பம் 7 நாளோடு நிறுத்திக்கொள்ளட்டும், ஏற்காட்டுக் குடும்பம் மட்டும் 14-ஐக் குறைக்க வேண்டாம்.

தண்ணீர்

நாலு வழிக்காரர்களும் பேச மறப்பது இதைத்தான். அரிசியோ ராகியோ தண்ணீர் இல்லாமல் வெறும் தானியம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் என்றால் நாலு பேருக்கு 16 லிட்டர். 20 லிட்டர் கேன் மூன்று இருந்தால் முதல் மூன்று நாள் தாராளமாகக் கழியும். சேலத்தில் மேட்டூர்த் தண்ணீர் நாள் விட்டு நாள் வருவதற்குப் பழகியவர்கள் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்கிறவர்கள்தான். அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும். கலங்கல் தண்ணீரைத் தெளியவிட்டு, வடிகட்டி, ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வைத்தால் குடிக்கலாம், ஏற்காட்டு உயரத்துக்கும் அது போதும். வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு அதிகமாகக் கூடாது.

பருப்பையும் அரிசியையும் முன்கூட்டி ஊறவைத்தால் காஸ் மிச்சமாகும். அரிசி களைந்த ரெண்டாம் தண்ணீரைப் புளி கரைக்க வைத்துக்கொள்ளலாம், நம் வீடுகளில் எப்போதும் செய்வதுதான்.

எப்போது வாங்குவது

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவாக்கில் தொடங்கும். புரட்டாசி பிறந்ததும் வாங்கினால் கடையில் நெருக்கடி இல்லை, அந்த மாதம் பாதி வீட்டில் கறி எடுக்காததால் பட்ஜெட்டிலும் கொஞ்சம் இடம் இருக்கும். அரிசிச் சிப்பமும் பருப்பும் அப்போது. அவல் தூக்கை ஐப்பசி முதல் வாரத்தில் புதிதாக நிரப்புங்கள். சரஸ்வதி பூஜைக்கு வாங்கிய பொட்டுக்கடலையும் வெல்லமும் மிஞ்சியிருந்தால் அதிலேயே சேரட்டும். தை பிறந்த பிறகு எல்லாவற்றையும் சாதாரணச் செலவுக்கு எடுத்துவிடலாம்.

அப்புறம் ஒன்று, டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் ஆயிரம் ரெண்டாயிரம் ரூபாய் சில்லறை நோட்டாகப் போட்டு வையுங்கள். டவர் போனால் ஜிபே வேலை செய்யாது. தெருமுனைக் கடை பாதிக் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் கையில் காசு இருப்பவருக்குத்தான் தக்காளி கிடைக்கும்.